சான்றிதழ் 316, பெட்டிக்குள் 201: இறக்குமதியான பிராக்கெட்டுகள் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு பல மாடிக் கட்டடம். வெளிச்சுவர் முழுக்க 30 மில்லிமீட்டர் கிரானைட் பலகை. சாந்து வைத்து ஒட்டுகிற வேலை இல்லை இது. சுவரில் போல்ட் அடித்து, அதில் எல் வடிவ பிராக்கெட் மாட்டி, அதன் நுனியில் இருக்கும் குச்சியில் கல்லைக் கோத்துத் தொங்கவிடும் முறை. இந்தப் பருமனுள்ள கிரானைட் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 80 கிலோ இருக்கும். அத்தனை பாரத்தையும் தாங்குவது உள்ளங்கையில் அடங்கும் ஒரு எஃகுத் துண்டு. கல் ஏறிய பிறகு அதை யாரும் பார்க்கப்போவதில்லை.

கல்லுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியில் உப்புக்காற்று புகும், ஆனால் மழைநீர் வந்து கழுவிவிடாது. வெளியே தெரியும் கைப்பிடிக் கம்பியைவிட உள்ளே மறைந்திருக்கும் பிராக்கெட்டுக்குத்தான் பாதிப்பு அதிகம். ஸ்விட்சர்லாந்தின் ஊஸ்டர் நகரில் 1985-ல் ஒரு உள்ளரங்க நீச்சல் குளத்தின் கான்கிரீட் உட்கூரை விழுந்து 12 பேர் இறந்தார்கள். கூரையைத் தாங்கிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிகள் குளோரைடால் விரிசல் விட்டு அறுந்திருந்தன. அங்கிருந்த சூழல் வேறு, குளத்துக் காற்றின் வேதியியல் வேறு. ஆனாலும் மறைவில் தொங்கும் எஃகைப் பற்றிப் பேசும்போது வடிவமைப்பாளர்கள் இன்றும் அந்த விபத்தை நினைவுகூர்வார்கள்.

ஆகவே வரைபடத்தில் தெளிவாகவே எழுதியிருந்தார்கள்: பிராக்கெட் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், போல்ட் அதற்கு இணையான ஏ4-70. 316-ல் சுமார் 2 சதவீதம் மாலிப்டினம் இருக்கும். உப்பைத் தாங்கும் குணம் அதிலிருந்து வருகிறது. 304 என்ற ரகத்தில் அது கிடையாது. 201 என்ற ரகத்தில் அதுவும் இல்லை, நிக்கலும் 316-ல் இருப்பதில் பாதிக்குக் கீழ். விலையைக் குறைக்க அந்த இடத்தை 5.5 முதல் 7.5 சதவீதம் மாங்கனீசால் நிரப்பியிருப்பார்கள். மேஜையில் மூன்றையும் அடுத்தடுத்து வைத்தால் அனுபவசாலிகூட அடையாளம் சொல்ல முடியாது.

ஆர்டர் போட்டவிதம்

ஒரே அளவில் 9,600 பிராக்கெட்டுகள் தேவைப்பட்டன. ஒவ்வொன்றும் சுமார் 360 கிராம். கொள்முதல் மேலாளர் வெளிநாட்டு ஆலை ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு எடுத்த முடிவு என்று அதைச் சொல்ல முடியாது. ஆலையிடம் ஐஎஸ்ஓ 9001 சான்று இருந்தது. அனுப்பிய மாதிரித் துண்டுகளை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்ததில் அசல் 316 என்றே வந்தது. பழைய வாடிக்கையாளர் இருவரிடமும் விசாரித்தார். இஎன் 10204 தரநிலையின்படி 3.1 வகைச் சான்றிதழும் கேட்டிருந்தார். உருக்காலையில் உற்பத்திப் பிரிவுக்குக் கட்டுப்படாத ஆய்வு அதிகாரி கையெழுத்திட்டு, அந்த வார்ப்பின் வேதியியல் அளவுகளை ஹீட் நம்பரோடு, அதாவது அந்த வார்ப்புக்கான அடையாள எண்ணோடு, தரும் தாள் அது.

ஐஎஸ்ஓ 9001 என்பது ஆலையின் நிர்வாக முறைக்கான சான்று. இந்தப் பெட்டியில் இருக்கும் துண்டு என்ன ரகம் என்று அது சொல்லாது. மாதிரித் துண்டின் ஆய்வறிக்கையும் அந்த மாதிரியோடு சரி. 3.1 தாள் சுருள் தகட்டைப் பற்றியது. அந்தச் சுருளிலிருந்துதான் இந்தப் பிராக்கெட் வெட்டப்பட்டது என்று சொல்ல எந்த ஏற்பாடும் ஒப்பந்தத்தில் இல்லை. துண்டின் மேல் ஹீட் நம்பர் பொறிக்க வேண்டும் என்ற ஒரு வரி விடுபட்டிருந்தது. பின்னால் நடந்ததில் பாதி அந்த ஒரு வரியைச் சுற்றியே நடந்தது.

பணம் 30 சதவீதம் முன்பணம், மீதி எல்.சி. வழியாக; அதாவது குறித்த ஆவணங்களைக் கொடுத்தால் பணம் தருவதாக வங்கி தரும் உறுதிக் கடிதம். எல்.சி.க்கான ஆவணப் பட்டியலில் கப்பல் ரசீது, விலைப்பட்டியல், 3.1 சான்றிதழ், மூன்றாம் தரப்பு ஆய்வறிக்கை ஆகியவை இருந்தன.

சரக்கு கிளம்பும் முன்

மூன்றாம் தரப்பு ஆய்வாளர் ஆலைக்குப் போனார். ஐஎஸ்ஓ 2859-1 அட்டவணைப்படி 9,600 கொண்ட தொகுதிக்கு 200 துண்டுகள் எடுத்துப் பார்க்க வேண்டும். முக்கியக் குறைகளுக்கு ஏக்யூஎல் (ஏற்கத்தக்க குறை அளவு) 2.5 என்று வைத்தால் 10 வரை ஏற்கலாம், 11 வந்தால் தொகுதியே நிராகரிப்பு. அவர் 200 துண்டுகளையும் முறையாகவே எடுத்தார். நீளம், துளை இடம், வளைவுக் கோணம், வளைவில் வெடிப்பு, பூச்சு, பெட்டிக் கட்டு எல்லாம் பார்த்து நான்கு குறைகள் மட்டும் குறித்தார். தொகுதி தேறியது.

ரகத்தைச் சோதிக்கும் பத்தியில் "காந்தம்: ஒட்டவில்லை" என்று எழுதியிருந்தது. 316, 304, 201 மூன்றுமே ஆஸ்டெனிட்டிக் குடும்பம். சாதாரண நிலையில் மூன்றிலும் காந்தம் ஒட்டாது. வளைத்த இடத்தில் லேசாக இழுத்தாலும் அதை வைத்து ரகம் பிரிக்க முடியாது. காந்தத்தை வைத்து "நல்ல எவர்சில்வர்" என்று தீர்ப்பு சொல்லும் பழக்கம் பாத்திரக்கடையிலிருந்து கட்டுமானத்துக்கு வந்து ஒட்டிக்கொண்டது. ஆய்வு நிறுவனங்களின் படிவத்திலும் அது இருப்பதுதான் வியப்பு.

பெட்டியைத் திறந்தபோது

மொத்தம் 24 மரப்பெட்டிகள், ஒவ்வொன்றிலும் 400. சைட்டில் முதலில் திறந்த பெட்டிகளில் சிலவற்றின் துண்டுகளில் பழுப்புக் கறை ஏறியிருந்தது. வளைவின் உள்பக்கம் பொட்டுப் பொட்டாக, விரலால் தேய்த்தால் கொஞ்சம் வருகிற மாதிரி. மற்ற பெட்டிகள் பளிச்சென்று இருந்தன.

கல் பதிக்கும் ஒப்பந்ததாரரின் மேற்பார்வையாளர் சைட் இன்ஜினியரிடம் சொன்னது: "சார், கறை ஏறினதை ஒதுக்கி வச்சிட்டு நல்லா இருக்கிறதை மாட்ட ஆரம்பிச்சிடலாமே. தொங்கு மேடைக்கு வாடகை ஓடிட்டு இருக்கு."

"ஒரே ஆர்டர்ல வந்த சரக்கு ரெண்டு மாதிரி இருக்கு. ஏன்னு தெரியாம ஒண்ணையும் மாட்ட வேண்டாங்க. எல்லாப் பெட்டியையும் ஸ்டோர்ல வச்சுப் பூட்டிடுங்க."

இந்த நிகழ்வில் எடுக்கப்பட்ட முடிவுகளில் மிக முக்கியமானது இதுதான் என்பது என் எண்ணம். வாடகைக் கணக்கு மேற்பார்வையாளர் பக்கம் இருந்தது. அவர் சொன்னதில் அநியாயம் ஒன்றும் இல்லை. ஆனால் கறையை வைத்துப் பிரித்திருந்தால் சரியான எஃகு குப்பைக்கும் தவறான எஃகு சுவருக்கும் போயிருக்கும். அது அன்று யாருக்கும் தெரியாது.

முதல் சுற்றுச் சோதனை

இந்தக் கட்டத்தில்தான் பொருள் சோதனைக்காக என்னை அழைத்தார்கள். எக்ஸ் கதிரால் உலோகக் கலவையை அளக்கும் கையடக்க எக்ஸ்ஆர்எஃப் கருவி ஒன்று வாடகைக்கு எடுக்கப்பட்டது. துண்டின் மேல் வைத்து விசையை அழுத்தினால் சில நொடிகளில் குரோமியம், நிக்கல், மாலிப்டினம், மாங்கனீசு அளவுகள் திரையில் வரும். கார்பனை இது அளக்காது; ஆகையால் 316-க்கும் கார்பன் குறைந்த 316எல்-க்கும் உள்ள வித்தியாசம் இதில் தெரியாது. இந்தப் பிராக்கெட்டில் வெல்டிங் இல்லை என்பதால் அது ஒரு பொருட்டாகவும் இல்லை.

ஒவ்வொரு பெட்டியிலும் மேலடுக்கில் ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று என்று 72 துண்டுகளை எடுத்தோம். பெட்டியைக் கவிழ்த்து அடித்துண்டு எடுப்பது எரிச்சலான வேலை. ஸ்டோர் ஆட்கள் முணுமுணுத்தார்கள்.

கறை ஏறிய துண்டுகள் எல்லாமே 316. மாலிப்டினம் 2.0-க்கு மேல், நிக்கல் 10-க்கு மேல். பளபளப்பானவற்றில் பெரும்பாலானவையும் 316-தான். ஆனால் 17, 22 எண் பெட்டிகளில் எடுத்த மூன்று மூன்று துண்டுகளிலும் மாங்கனீசு 6 சதவீதத்துக்கு மேல் போனது. நிக்கல் 4-ஐ ஒட்டி. மாலிப்டினம் என்று சொல்ல ஏதுமில்லை. அப்பட்டமான 201. கறையே இல்லாத, பார்க்க மிக அழகான துண்டுகள் அவை. பெட்டி 9-ல் மேல் இரண்டும் சரி, அடியில் எடுத்தது மட்டும் 201.

அப்படியானால் கறை எங்கிருந்து வந்தது? நைட்ரிக் அமிலமும் பொட்டாசியம் ஃபெரிசயனைடும் கலந்த நீரைச் சொட்டிப் பார்த்தோம். மேற்பரப்பில் வெற்று இரும்புத் துகள் இருந்தால் அந்த இடம் நீலமாகும். சில நொடிகளில் வளைவின் உட்புறம் நேர்கோட்டில் நீலப் புள்ளிகள் வரிசை கட்டின. தட்டையான பகுதியில் ஒன்றும் இல்லை. வளைக்கும் பிரஸ்ஸின் அச்சு பட்ட இடம் எதுவோ அங்கே மட்டும் நீலம். சாதா இரும்பை வளைத்த அதே அச்சில் இதையும் வளைத்திருக்கிறார்கள். அச்சிலிருந்த இரும்பு இதில் ஒட்டி, பயணத்தில் துருவேறியிருக்கிறது. ஒப்பந்தத்தில் கேட்டிருந்த அமிலக் கழுவல் முறையாக நடந்திருந்தால் இது மிச்சமிருக்காது.

மொத்தத்தையும் சோதிப்பதா?

மூன்று பெட்டிகளை ஒதுக்கிவிட்டு மற்ற 21-ஐப் பயன்படுத்தலாமா என்று கேள்வி வந்தது. பெட்டி 9 இல்லாவிட்டால் ஒருவேளை அதற்குச் சம்மதித்திருப்போம். ஒரு பெட்டிக்குள்ளேயே கலப்பு இருக்கிறது என்றான பின் பெட்டிக்கு மூன்று துண்டை நம்ப முடியவில்லை. மாதிரி எடுத்துத் தீர்ப்பு சொல்லும் எந்த அட்டவணையும் தொகுதி ஓரளவு ஒரே சீராக இருக்கிறது என்ற அனுமானத்தில் நிற்கிறது. இங்கே அந்த அனுமானமே போய்விட்டது.

செலவைப் பார்த்தோம். ஒரு துண்டை எடுத்து, துடைத்து, அளந்து, சுண்ணக்குறி போட்டு வைக்கக் கால் நிமிடம் என்றால் 9,600-க்கு 40 மணி நேரம். இரண்டு பேர், ஒரு கருவி, ஒரு வாரம். மேலே கல் ஏறிய பிறகு ஒரு பிராக்கெட்டை மாற்ற அக்கம்பக்கத்துப் பலகைகளையும் இறக்க வேண்டிவரும். கட்டட உரிமையாளர் தரப்பு அதிகம் யோசிக்காமலே ஒப்புக்கொண்டது.

முழுச் சோதனையில் 17, 22 பெட்டிகள் முழுதும் 201. பெட்டி 9-ல் 61. முதல் சுற்றில் மூன்றுமே சரியாக வந்த பெட்டி 14-ல் இன்னொரு 14 துண்டுகள் அகப்பட்டன. 400-ல் 14 கலந்திருக்கும்போது மூன்று துண்டு எடுத்துப் பார்த்தால் பத்துக்கு ஒன்பது தடவை கண்ணில் படாமலே போகும். மொத்தம் 875; தொகுதியில் 9 சதவீதத்துக்குச் சற்று மேல்.

போல்ட்டுகளையும் இடையிடையே பார்த்தோம். தலையில் ஏ4-70 முத்திரை, உள்ளே மாலிப்டினம், ஆய்வகத்தில் இழுவிசைச் சோதனை, எல்லாம் சரி. அதோடு அந்த விஷயம் முடிந்தது.

ஆலையில் ஆய்வாளர் எடுத்த அந்த 200 துண்டுகள் மொத்தப் பெட்டிகளிலிருந்தும் பரவலாக எடுக்கப்பட்டு, அவற்றில் ரகமும் பார்க்கப்பட்டிருந்தால், சராசரியாக 18 தவறான துண்டுகள் சிக்கியிருக்கும். 11 வந்தாலே நிராகரிப்பு. எண்ணிக்கை போதாமல் தவறு தப்பவில்லை. அளவுகோலால் அளந்தார்கள், வேதியியலைத் தொடவில்லை.

சான்றிதழில் ஒரு கணக்கு

சான்றிதழ் போலியாக இருக்கும் என்றே எல்லோரும் நினைத்தார்கள். உருக்காலைக்குத் தாளின் எண்ணை அனுப்பிக் கேட்டபோது, தாங்கள் கொடுத்ததுதான், அளவுகளும் சரிதான் என்று பதில் வந்தது.

அந்தத் தாளிலேயே சுருளின் எடை இருந்தது: 3,310 கிலோ. பிராக்கெட் 9,600, தலா 360 கிராம் என்றால் 3,456 கிலோ. வெட்டுக்கழிவே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் 146 கிலோ இடிக்கிறது. சரியாக இருந்த 8,725 துண்டுகளின் எடை 3,141 கிலோ; மீதி 169 கிலோ கழிவு என்றால் 5 சதவீதம், நம்பும்படியான அளவு. சுருள் தீர்ந்துபோன இடத்தில் 201 தொடங்கியிருக்கிறது. கப்பல் கிளம்பும் முன் யாராவது ஒரு பெருக்கல் போட்டிருந்தால் அலுவலக மேஜையிலேயே கேள்வி எழுந்திருக்கும்.

இந்தக் கணக்கை அனுப்பிய பிறகுதான் ஆலை வாயைத் திறந்தது. தகடு பற்றாமல் போனதால் கடைசிப் பகுதியை வெளிப் பட்டறை ஒன்றுக்குக் கொடுத்தார்களாம். அந்தப் பட்டறை தன் கையிருப்புத் தகட்டில் செய்து கொடுத்துவிட்டதாம். அந்தப் பட்டறையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேலை மட்டுமே நடப்பதால் அச்சில் இரும்பு இல்லை. அதனால் அந்தத் துண்டுகளில் கறையும் இல்லை. கதை எல்லாப் பக்கமும் பொருந்துகிறது. வேண்டுமென்றே செய்தார்களா, கவனக்குறைவா என்று கைவசம் இருக்கும் ஆதாரத்தை வைத்துச் சொல்ல முடியாது. அதைத் தோண்டுவதில் நேரம் செலவழிக்க வேண்டாம் என்று கொள்முதல் மேலாளர் முடிவு செய்தார். இழப்பீடு கேட்க நோக்கத்தை நிரூபிக்கத் தேவையில்லை, பொருள் ஒப்பந்தப்படி இல்லை என்று காட்டினால் போதும்.

பணமும் பேச்சுவார்த்தையும்

பணம் ஏற்கெனவே போய்விட்டது. எல்.சி.யை நெறிப்படுத்தும் யூசிபி 600 விதிகளின் 5-வது பிரிவின்படி வங்கி ஆவணங்களை மட்டுமே பார்க்கும். சரக்கு எப்படி இருக்கிறது என்பது அதன் வேலை இல்லை. ஆவணங்கள் அத்தனையும் பட்டியல்படி இருந்தன.

ஒப்பந்தம் 1980-ம் ஆண்டின் ஐ.நா. சரக்கு விற்பனை உடன்படிக்கைக்கு உட்பட்டது. சரக்கு வந்ததும் முடிந்தவரை சீக்கிரம் சோதிக்க வேண்டும், குறை தெரிந்தால் நியாயமான காலத்துக்குள் என்ன குறை என்று குறிப்பிட்டு எழுத வேண்டும் என்று அதன் 38, 39-வது பிரிவுகள் சொல்கின்றன. எனவே முழுச் சோதனை முடியட்டும் என்று காத்திருக்காமல் முதல் சுற்று முடிந்த உடனேயே கடிதம் போனது. பெட்டி எண், துண்டின் படம், திரையில் வந்த அளவு எல்லாம் இணைப்பில். கையடக்கக் கருவியின் அளவை எதிர்த்தரப்பு மறுக்கலாம் என்பதால் சில துண்டுகள் சுதந்திரமான ஆய்வகத்துக்கும் போயின. அங்கும் 201 என்றே வந்தது.

கறை விஷயத்தில் ஆலை கடல் பயணத்தைக் குற்றம் சொன்னது. வளைவுக் கோட்டில் மட்டும் நீலம் வந்த படங்களை அனுப்பினோம். பெட்டிக்குள் புகும் உப்புக்காற்று அச்சு பட்ட இடத்தை மட்டும் தேடிப் பிடிக்காது. அதற்குப் பிறகு அந்த வாதம் எழவில்லை.

முடிவில் ஆலை மாற்றுப் பிராக்கெட்டுகளைத் தன் செலவில் விமானத்தில் அனுப்பியது. கறை ஏறியவற்றை இங்கேயே அமிலக் கழுவல் செய்த செலவையும் ஏற்றது. சோதனைச் செலவில் பாதி. தாமதத்துக்கான இழப்பீட்டை மறுத்தது. அதை வற்புறுத்த வழக்குதான் வழி, தொகை அதற்குத் தகாது. கல் பதிப்பு மூன்று வாரம் தள்ளிப்போனது.

ஒதுக்கிய 875

இவற்றை என்ன செய்வது என்பதில் ஒரு சின்னத் தகராறு. உள்வரவேற்பறைச் சுவரில் உப்பு இல்லையே, அங்கே மாட்டலாமே என்றார் ஒப்பந்ததாரர். பொறியியல் ரீதியாக அது பேசிப் பார்க்கக்கூடிய யோசனைதான். சைட் இன்ஜினியர் மறுத்ததற்குக் காரணம் வேறு. ஒரே அளவு, ஒரே தோற்றம் கொண்ட இரண்டு ரகத் துண்டுகள் ஒரே ஸ்டோரில் இருந்தால் எப்போதாவது ஒரு சனிக்கிழமை மாலை, கைக்கு எட்டிய பெட்டியிலிருந்து யாராவது எடுத்து வெளிச்சுவரில் மாட்டிவிடுவார்கள். ஆலையின் ஒப்புதல் எழுத்தில் வந்ததும் எல்லாவற்றையும் குறுக்கே வெட்டி, எடை போட்டு, கழிவாக விற்றார்கள்.

அடுத்த ஆர்டரில் மாற்றியவை

பின்பக்கச் சுவருக்கான பிராக்கெட்டுகளை அதே ஆலையிடம்தான் வாங்கினார்கள். அலுவலகத்தில் இதற்கு எதிர்ப்பு இருந்தது. புதிய ஆலையில் எங்கே ஓட்டை என்று தெரியாது, இங்கே தெரியும் என்பது கொள்முதல் மேலாளரின் வாதம். எனக்கு அது சரியாகவே பட்டது, நிபந்தனைகள் மாறியதால்.

ஒவ்வொரு துண்டிலும் ஹீட் நம்பர் பொறிக்க வேண்டும். வெளிப் பட்டறைக்கு வேலை கொடுத்தால் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். சான்றிதழிலுள்ள சுருள் எடையும் சரக்கின் எடையும் கழிவோடு சேர்த்து ஒத்துப்போக வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்குத் தனி அச்சு. கழுவலுக்குப் பின் நீலச் சொட்டுச் சோதனை. ஆய்வாளர் எக்ஸ்ஆர்எஃப் கருவியோடு போய் எல்லாப் பெட்டியிலும் மூன்று அடுக்கில் அளந்து, அளவுகளை அறிக்கையில் எழுத வேண்டும். அப்படி எழுதிய அறிக்கைதான் எல்.சி. ஆவணமாக ஏற்கப்படும். வங்கி சரக்கைப் பார்க்காது என்பதால், வங்கி பார்க்கும் தாளுக்குள் சரக்கைப் பற்றிய உண்மையைக் கொண்டுவர இது ஒன்றுதான் வழி.

வாங்குபவர் தரப்பு ஆய்வாளரும் கையெழுத்திடும் 3.2 வகைச் சான்றிதழைக் கேட்கலாமா என்றும் யோசித்தார்கள். இந்த அளவு ஆர்டருக்குச் செலவு கட்டாது என்று விட்டுவிட்டார்கள். துண்டிலேயே ஹீட் நம்பர் இருக்கும்போது அதன் தேவையும் குறைவு.

இரண்டாவது ஆர்டரின் ஆய்வில் இரண்டு பெட்டிகளில் வேறொரு ஹீட் நம்பர் தென்பட்டது. ஆய்வாளர் அங்கேயே நிறுத்திக் கேட்டார். சுருள் போதாமல் இன்னொரு சுருள் எடுத்திருந்தார்கள், அதற்கான 3.1 தாள் கோப்பில் இருந்தது, எக்ஸ்ஆர்எஃப் அளவும் 316 என்றே காட்டியது. தாளின் நகலை அறிக்கையோடு சேர்த்துச் சரக்கை விட்டார்கள். எல்.சி. தொகையில் 10 சதவீதத்தைச் சைட் சோதனை முடியும்வரை பிடித்து வைக்க வேண்டும் என்ற கோரிக்கைக்கு மட்டும் ஆலை இன்னும் சம்மதிக்கவில்லை.